கார் இன்ஜின்ல விட்டு விட்டு டிக் டிக்னு சத்தம் வருது, எங்கிருந்துன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பெட்ரோல் வண்டின்னு வச்சு சொல்றேன். முதல்ல சமதரையில நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்குற கம்பி) ஆயில் குறைஞ்சிருக்கான்னு பாருங்க, அத பார்க்காம மெக்கானிக்கிட்ட போனா அவரும் முதல்ல அதத்தான் இழுத்துப் பார்ப்பாரு.

அப்புறம் சத்தம் எப்போ வருதுன்னு கவனிங்க, பாதி விடை அதுலயே இருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணதும் சில செகண்ட் தட்டிட்டு நின்னுடுச்சுன்னா ஹைட்ராலிக் லிஃப்டர்ல (இன்ஜின் வால்வ தள்ளித் திறக்க உதவுற, ஆயில் நிறைஞ்ச சின்ன பாகம்) இருந்த ஆயில் ராத்திரி வடிஞ்சிருக்கும், பெரிசா பயப்பட வேணாம். ஆனா குளிர்ச்சியா இருக்கும்போது தட்டி, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ஜாஸ்தியாகி, சூடானதும் மறைஞ்சுதுன்னா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் (இன்ஜினும் புகை போற குழாயும் சேர்ற இடத்துல இருக்கிற அடைப்புத் தகடு) லீக்கா இருக்கலாம், இரும்பு சூட்டுல விரிஞ்சு அந்த சந்த அடைச்சுடும், ஜாயின்ட் ஓரத்துல கரி படிஞ்சிருக்கான்னு பாருங்க.

பலபேர் கோட்டை விடறது பர்ஜ் வால்வு. பெட்ரோல் ஆவிய இன்ஜினுக்கு அனுப்புற சின்ன எலக்ட்ரிக் வால்வு அது, இன்ஜின் சூடானப்புறம் அது பாட்டுக்கு டிக் டிக்னு அடிக்கும், நிக்கும், மறுபடி அடிக்கும். அது மேல விரல வச்சா துடிப்பு தெரியும். இது ரிப்பேரே இல்ல! இன்ஜினுக்குள்ள பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர் சத்தமும் அப்படித்தான்.

நியூட்ரல்ல நின்னுட்டு ரேஸ் பண்ணா வராம, வண்டி ஓடும்போது மட்டும் வந்தா இன்ஜின விடுங்க, டயர்ல கல்லு மாட்டியிருக்கான்னு பாருங்க.

டிக் இல்லாம அடியில இருந்து டொக் டொக்னு கனமா வந்தாலோ ஆயில் லைட் எரிஞ்சாலோ உடனே ஆஃப் பண்ணிட்டு டோ பண்ணி கொண்டு போங்க, ஓட்டாதீங்க.