மீதம் பூஜ்யமானாலும் மின்சாரம் நிற்காத முன்கட்டண மீட்டர்

முன்கூட்டியே பணம் கட்டிப் பயன்படுத்தும் உங்கள் மீட்டரில் மீதம் தீர்ந்த பிறகும் மின்சாரம் வருகிறது, அதைத் திருட்டு என்று சொல்லி மின் நிறுவனம் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மீதம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் மின்சாரம் நிற்கவில்லை என்பது மட்டுமே திருட்டுக்குச் சான்றாகாது; ஆகவே திருட்டை ஒப்புக்கொள்ளும் எந்தப் படிவத்திலும் இப்போது கையெழுத்திட வேண்டாம்.

நீங்கள் விவரித்ததைப் பார்த்தால், மீட்டருக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மீட்டர் துண்டிக்கச் சொன்னாலும் ரிலே திறப்பதில்லை. ஆனால் அளவிடும் பகுதி வழக்கம்போல் இயங்கிக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்க, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1 கிலோவாட் ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு, மீட்டரின் சிறு விளக்கு சிமிட்டுவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு (ஒரு சிமிட்டல் ஒரு துடிப்பு) என்று அச்சிட்டிருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 17 முறை சிமிட்ட வேண்டும். அப்படிச் சிமிட்டி, மொத்தப் பயன்பாட்டு எண்ணும் ஏறினால், நீங்கள் செலவழித்தது முழுவதும் பதிவாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த எண்ணின் உயர்விலிருந்து அதே காலத்தில் வாங்கிய யூனிட்டுகளையும், தொடக்கத்தில் மீதமிருந்ததையும் கழித்தால், எத்தனை யூனிட்டுக்குப் பணம் பாக்கி என்பது தெரிந்துவிடும். அதைக் கொடுப்பது நியாயம். திருட்டுக்கான தண்டத்தொகை வேறு விஷயம். நிறுவனங்கள் பல நேரங்களில் இரண்டையும் ஒரே தாளில் கலந்து அனுப்பிவிடுகின்றன என்பது என் கருத்து.

விளக்கு சிமிட்டவே இல்லையென்றால் நிலைமை வேறு. அளவிடும் பகுதி பழுதாகியிருக்கலாம், அல்லது முன்பு குடியிருந்தவர் மீட்டரைத் தவிர்த்துக் கம்பி இணைத்திருக்கலாம். குடிவந்த தேதிக்கான ஆவணத்தோடு உடனே எழுத்தில் தெரிவித்து, மீட்டரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பக் கோருங்கள்.

மீட்டரின் முத்திரையைத் தொடாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். உயிராபத்து ஒருபுறமிருக்க, மூடி திறந்ததை மீட்டரே பதிவு செய்துவிட்டால் உங்கள் வாதம் அங்கேயே பலவீனமாகும். முத்திரையையும் திரையையும் படமெடுத்து வைத்தால் போதும்.