டீசல் வேனுக்குப் பெற்றோல் அடித்தால் செலவு யார் தலையில்?

தலவாக்கலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். வேன் டீசல். ஷெட்டில் "30 லீட்டர் அடிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஃபோன் பேசிக்கொண்டிருந்தாராம். தம்பி அடித்தது பெற்றோல். நானுஓயா ஏற்றத்தில் வேன் இழுக்காமல் டக் டக் என்று சத்தம் போட்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று அவரும் கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறார். இப்போது கராஜில் டாங்கை வடித்துவிட்டார்கள், பம்பும் போய்விட்டது என்கிறார்கள். "நீங்கதான் பார்த்திருக்கணும்" என்கிறார் ஷெட் மேனேஜர். பணம் கேட்கலாமா?

கேட்கலாம். முழுத்தொகையும் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சட்டத்துக்கு முன்னால் ஒரு கேள்வி: வடித்த எண்ணெயைக் கராஜ்காரர் என்ன செய்தார்? கொட்டியிருக்காவிட்டால் ஒரு கண்ணாடிப் போத்தலில் நிரப்பி மூடி, திகதி எழுதி, அவர் கையொப்பத்தோடு வையுங்கள். கழற்றிய பம்பையும் ஃபில்டரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பம்புக்கு வழுவழுப்பு கொடுப்பதே டீசல்தான். பெற்றோல் அந்த வேலையைச் செய்யாது, உள்ளே உலோகம் உரசித் தேய்கிறது. அந்தத் தேய்மானம்தான் உங்கள் சாட்சி. ஷெட்டின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். பில் இல்லையா? கொடுத்த காசைப் பெற்றோலின் அன்றைய லீட்டர் விலையாலும் டீசலின் விலையாலும் தனித்தனியே வகுத்துப் பாருங்கள். எந்த விலையால் வகுத்தால் 30 வருகிறதோ அதுதான் அடித்த எண்ணெய்.

இனி சட்டம். ஊழியர் வேலையில் காட்டும் கவனயீனத்துக்கு முதலாளி பொறுப்பு. "தம்பி புதுசு" என்பது பதிலாகாது. ஆனால் நீங்கள் "டீசல்" என்ற சொல்லைச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சத்தம் கேட்ட பிறகும் ஓட்டினீர்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நட்டத்தில் பாதிக்கப்பட்டவரின் தவறும் கலந்திருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. என் கணிப்பில் டாங்க் வடித்த கூலி, ஃபில்டர், வீணான எண்ணெய் ஆகியவற்றில் உங்கள் கை ஓங்கும். பம்பில்தான் இழுபறி. சத்தம் கேட்ட உடனே நிறுத்தியிருந்தால் பம்பு பிழைத்திருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு மெக்கானிக்கின் எழுத்து வேண்டும். என் பேச்சு போதாது. பிள்ளைகளை ஏற்றாத நாட்களின் வருமானத்தையும் கேட்கலாம், கணக்குக் கொப்பி இருந்தால்.

எங்கே போவது? முதலில் பதிவுத்தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். அப்புறம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எப்படி என்று 1977க்கு அழைத்துக் கேட்கலாம். பலர் மேனேஜர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்வதை நம்பியே இந்த 3 மாதத்தைத் தவறவிடுகிறார்கள். வழக்குத்தான் என்றால், தொகை சிறியதாக இருந்தால் முதலில், பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, அந்த மட்டில் என் கட்டணம் மிச்சம். கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது.

மிச்ச எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோலும் டீசலும் கலந்ததை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்படிப் பக்கம் கேனில் வைக்காதீர்கள், தீப்பற்றினால் வரிசையே போகும். வடிகானில் ஊற்றினால் ஓடைக்கு, ஓடையிலிருந்து மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு. அது தனிக் குற்றம், ஷெட்காரரின் வக்கீலுக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதமும்கூட. குறைந்த விலைக்குக் கேட்பவருக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம், எரிபொருள் விற்க அனுமதிப்பத்திரம் தேவை. கராஜ்காரர் எடுத்துக்கொண்டால், எத்தனை லீட்டர், எந்தத் திகதியில் என்று அவருடைய பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.