மஞ்சள் காய்ச்சல்: இறங்கிய ஜுரத்தை நம்பாதீர்கள்

கேள்வி: மகள் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்க்கிறாள். 1793-இல் மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரையே அழித்ததாக நெட்டில் படித்தேன். போன வாரம் கொசு கடித்து அவள் கை வீங்கியது. சிறுநீரும் மஞ்சளாகப் போகிறதாம். பப்பாளி இலை மாத்திரை அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக ஆப்பிரிக்காவில் கானாவுக்குப் போகிறாள்.

பதில்: கை வீக்கம் தானே வடிந்துவிடும். சிறுநீருக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கடைசியாகப் பரவியது 1905-இல், நியூ ஆர்லியன்ஸில். கானா போவதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான், மஞ்சள் காய்ச்சல் இன்றைக்கும் இருப்பது அங்கேதான்.

1793 கதை உண்மைதான். சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊரில் நாலே மாதத்தில் ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். பயந்துபோன ஜனங்கள் கை குலுக்குவதை நிறுத்தினார்கள், வினிகரை முகர்ந்தார்கள், பூண்டு மென்றார்கள், காற்றைச் சுத்தம் செய்வதாகத் துப்பாக்கிகூட வெடித்தார்கள். அன்றைக்கு வாட்ஸ்அப் இல்லாததுதான் குறை! பெரிய டாக்டரான பெஞ்சமின் ரஷ்ஷோ, துவண்டு கிடந்தவர்களின் ரத்தத்தை வடித்து, பாதரச மருந்தால் பேதியும் போக வைத்தார். கறுப்பின மக்களுக்கு இது வராது என்று நம்பி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அவர்களை அழைத்தார். அவர்களும் செத்தார்கள். குளிர் வந்து கொசு ஒழிந்த பிறகுதான் நோய் அடங்கியது. பரப்பியது ஏடிஸ் கொசு என்பது 1900-இல்தான் உறுதியானது. நம் ஊரில் டெங்குவைப் பரப்புகிறதே, அதே கொசுதான்.

இந்த நோயில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். மூன்று நான்கு நாள் காய்ந்த ஜுரம் இறங்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். பலருக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் ஒரு நாளுக்குள் ஜுரம் திரும்ப ஏறும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், காப்பித்தூளைக் கரைத்தது போல வாந்தி வரும், சிறுநீர் குறையும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. நோயைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது.

ஆனால் தடுப்பூசி இருக்கிறது. ஒரே ஊசி, ஆயுளுக்கும் போதும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டாக வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். அங்கிருந்து நேராக உங்களைப் பார்க்க வந்தால் இங்கேயும் கேட்பார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடட்டும். கானாவில் மலேரியாவும் உண்டு. அதற்கான தடுப்பு மாத்திரையையும் கிளம்புவதற்கு முன்பே, ஊசி போடும் டாக்டரிடம் கேட்டு வாங்கட்டும்.

திரும்பி வந்த பிறகு ஜுரம் வந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் எதையும் தானாகப் போடக் கூடாது. ஜுரம் விட்டுவிட்டது என்று வீட்டில் படுத்திருக்கவும் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய், கானா போய் வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லட்டும்.