முதல் ஆர்டர் உங்கள் வீட்டுக்கு

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரையோர ஊர் எங்களுடையது. பனை ஓலையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும், கேக் வைத்துக் கொடுக்கும் மூடி போட்ட பெட்டியும் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். பெட்டி 90 ரூபாய், நட்சத்திரம் 20 ரூபாய். பிள்ளைகள் கிளம்பிய பிறகு காலை 10 முதல் 1 மணி வரைதான் எனக்கு நேரம். போன வருஷம் நவம்பர் 15-ல் ஆர்டர் எடுக்கத் தொடங்கி 140 பெட்டி, 400 நட்சத்திரம் வரை போய்விட்டது. அனுப்பியதில் 30 பெட்டி பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. 24-ஆம் தேதி ராத்திரி வரை பார்சல் கட்டினேன். மூத்தவளுக்கு (9 வயது) அரையாண்டுத் தேர்வில் மார்க் குறைந்தது. சின்னவனுக்கு 3 வயது. எங்கள் வீட்டில் மட்டும் நட்சத்திரம் கட்டவில்லை. பலகாரம் எல்லாம் அத்தை தனியாகச் சுட்டார்கள், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. "இந்த வருஷம் இது வேண்டாம்" என்கிறார் கணவர். விட்டுவிடவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். ஆனால் 140 பெட்டி என்ற பேச்சே இனி வேண்டாம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குத்தாளை வைத்தே சொல்கிறோம்.

பெட்டி ஒன்றுக்கு 50 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். 140 பெட்டிக்கு 117 மணி நேரம். நட்சத்திரம் ஒன்றுக்கு 8 நிமிடம், 400-க்கு 53 மணி நேரம். ஆக 170 மணி. நவம்பர் 15-லிருந்து கிறிஸ்துமஸ் வரை சனி, ஞாயிறு போக 28 நாள்தான் உண்டு. நாளைக்கு 3 மணி என்றால் 84 மணி. மீதி 86 மணி நேரத்தை உங்கள் தூக்கத்திலிருந்தும், பிள்ளைகளின் படிப்பு நேரத்திலிருந்தும், அத்தையின் முதுகிலிருந்தும் எடுத்திருக்கிறீர்கள். சாயம் காய்ச்சியது, பார்சல் கட்டியது, போனில் பதில் சொன்னது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. சுறுசுறுப்பு போதாமல் போனதாக நினைக்காதீர்கள். இரண்டு பேர் செய்யும் வேலைக்கு ஒருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பணக் கணக்கையும் பாருங்கள். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாய் என்று வைப்போம். பெட்டிக்குக் கூலி மட்டும் 67 ரூபாய். ஓலையும் சாயமும் 20, அட்டையும் தாளும் 10 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடக்கம் 97, விலை 90! நட்சத்திரத்துக்குக் கூலி 11 ரூபாய், பொருள் 4 ரூபாய், விற்பது 20-க்கு. வீட்டைத் தாங்கியது நட்சத்திரம். உங்களைத் தின்றது பெட்டி.

இந்த வருஷம் இப்படிப் பாருங்கள். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 10 வரை சுமார் 50 வேலை நாள், 150 மணி நேரம். அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கில் எடுங்கள். காய்ச்சல், கரண்ட் கட், துக்க வீடு, மழை விடுமுறை எல்லாம் மீதியில் போய்விடும். 100 மணி நிற்கும். 50 பெட்டிக்கு 42, 300 நட்சத்திரத்துக்கு 40, பார்சலுக்கு 15. மீதி 3 மணியை அப்படியே விட்டுவையுங்கள், அதற்கு மேல் ஒரு பெட்டிகூட எடுக்காதீர்கள். பெட்டி விலையை 140 ஆக்குங்கள். மொத்த வரவு 13,000. பொருள் செலவு 2,700 போனால் கையில் 10,300. போன வருஷம் திரும்பி வந்த 30 பெட்டியைக் கழித்தால் கையில் நின்றது சுமார் 12,100. 1,800 ரூபாய் குறைகிறது, உண்மைதான். எழுபது மணி நேரத்துக்கும் மேல் மிச்சமாகிறது. 140 ரூபாய்க்கு வாங்குவார்களா என்ற பயம் வேண்டாம். 50 பேர் வாங்கினால் போதும், 140 பேர் தேவையில்லை.

இனி பூசணம். பணத்தையும் பெயரையும் கெடுத்தது அதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், உங்கள் பக்கத்தில் நவம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஈரத்தில் ஓலையை நனைத்து முடைந்து, அன்றே பாலிதீன் பையில் போட்டு ஒட்டினால் உள்ளே பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆகவே குருத்தோலை வெட்டுவது, ஈர்க்கு எடுப்பது, உலர்த்துவது, வகிர்வது, சாயம் ஏற்றுவது எல்லாம் செப்டம்பரோடு முடிய வேண்டும். வெயிலில் நாலு நாள் போட்டால் ஓலை யானைத் தந்தத்தின் நிறத்துக்கு வரும். சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். நாலாம் நாள் மடக்கிப் பார்த்தால் சரசரவென்று சத்தம் வர வேண்டும். ஐம்பது ஐம்பதாகக் கட்டி, செய்தித்தாளில் சுற்றி, தகரப் பெட்டியில் போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். நட்சத்திரத்துக்கு ஒன்றரை செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம் உள்ள வார் நாலு வேண்டும். 300 நட்சத்திரத்துக்கு 1,200. முறிவதும் வெடிப்பதும் இருக்குமென்பதால் 1,500 எடுத்து வையுங்கள். அகலம் ஒரே சீராக இல்லாவிட்டால் கடைசி மடிப்பில் முனைகள் கோணும். வாரின் நுனியைச் சரிவாக நறுக்கிக்கொண்டால் உள்ளே நுழைக்கச் சண்டை போட வேண்டியிராது.

முடையும்போது ஓலையைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஊறிய ஓலை உப்பும். முடைந்தபின் காயும்போது சுருங்கி, இழைக்கு இழை இடைவெளி விழும், மூடி தொளதொளக்கும். அன்றைக்கு வேண்டிய வாரை மட்டும் எடுத்துத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றி வைத்தால் போதும். மடிந்து கொடுக்கும், வெடிக்காது. எல்லாப் பெட்டியையும் ஒரே மரக்கட்டை அச்சின்மேல் முடையுங்கள். மூடிக்கு, பக்கத்துக்குப் பக்கம் 4 மி.மீ. பெரிதாக இன்னொரு கட்டை. அளவு ஒன்று, நிறம் மூன்று: இயல்பு நிறம், சிவப்பு, பச்சை. நாலாவது நிறம் என்றால் அதற்கு இன்னொரு சாயப் பானை, இன்னொரு கொடி, இன்னொரு நாள்.

சாயம் ஏற்றிய ஓலையைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். அலசாமல் விட்ட சிவப்பு, ஈரம் பட்டால் பக்கத்து வெள்ளை ஓலையில் இறங்கும், கேக்கிலும் ஒட்டும். பெட்டிக்குள் பட்டர் பேப்பர் போட்டே கொடுங்கள், இல்லாவிட்டால் கேக்கின் எண்ணெய் ஓலையில் இறங்கிக் கறையாகிவிடும். சாயம் காய்ச்சிய பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கொதிக்கும் சாயமும் ஓலை வகிரும் கத்தியும் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இடைவேளையில் செய்கிற வேலை இல்லை. செப்டம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், பிள்ளையை அப்பாவிடம் விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முடைந்த பெட்டி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே காய்ந்திருக்கும், விளிம்பில் இரட்டையாக மடிந்த இடத்தில் ஈரம் நிற்கும். சமையல் தராசு இருந்தால் ஒரு பெட்டியைத் தினம் நிறுத்துப் பாருங்கள். இன்றைக்கு 62 கிராம், நாளைக்கு 56, மறுநாள் 54, அதற்கடுத்த நாளும் 54 என்றால் காய்ந்துவிட்டது. மூடியைத் தனியே கழற்றி, மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். பிறகு தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். கொரியர்க்காரர் வெளியே பாலிதீன் கேட்டால், உள்ளே ஒரு சிறு சிலிக்கா ஜெல் பை போட்டு ஒட்டுங்கள்.

இந்த ஈரத்தை வைத்துத்தான் மாதங்களையும் பிரிக்கச் சொல்கிறோம். வாங்குகிறவர்களுக்கு நட்சத்திரம் டிசம்பர் 1-க்கு வேண்டும், பெட்டி கேக் கொடுக்கும் நேரத்துக்கு வேண்டும். அந்த வரிசையில் செய்தால் பெட்டி முழுக்க மழையில் மாட்டும். ஓலையின் பேச்சைக் கேளுங்கள். அக்டோபர் முழுக்கப் பெட்டி, நவம்பர் முழுக்க நட்சத்திரம். நட்சத்திரம் சின்னது, ஒரு ராத்திரி காற்றில் உலர்ந்துவிடும். அதை 22-ஆம் தேதி ஒரு தடவை, 29-ஆம் தேதி ஒரு தடவை அனுப்பிவிடலாம். டிசம்பர் முதல் பத்து நாள் பார்சலுக்கு. வெளியூர்ப் பார்சல் 12-ஆம் தேதிக்குப் பிறகு வீட்டில் இருக்கவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அன்றைக்குக் கொரியர் அலுவலகத்தில் கிடந்த பார்சல்களுக்கு யார் பதில் சொல்வது? அரையாண்டுத் தேர்வும் அந்த வாக்கில்தான் வரும். 10-ஆம் தேதி ஓலை மூட்டை பரணுக்கு ஏறட்டும்.

ஆர்டர் எண்ணிக்கை நிறைந்த அன்றே, நிறையாவிட்டாலும் நவம்பர் 20-ல், மூடிவிடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் நோட்டில் பெயர் எழுத வேண்டும். பேர் பொறித்துத் தரச் சொல்வார்கள். ஓலையில் பேர் என்றால் ஒவ்வொரு பெட்டியும் தனி வேலை. காகிதச் சீட்டில் எழுதிக் கட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் ஒரே பதிலை எழுதி வைத்துக்கொள்ளலாம்: "அக்கா, இந்த வருஷ ஆர்டர் நிறைஞ்சிருச்சு. ஜனவரியில கண்டிப்பா செஞ்சு தர்றேன். உங்க பேரை முதல்ல எழுதி வச்சுக்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த வருஷத்தின் முதல் பத்து ஆர்டர் அதிலிருந்து வரும்.

முகம் முறிக்க முடியாத ஆர்டர்களும் உண்டு. பங்குக் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு, கன்னியாஸ்திரி மடத்துக்கு, நாத்தனார் வீட்டுக்கு. இவற்றை மறுக்கச் சொல்லவில்லை. 300 நட்சத்திரத்தில் 30-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கேட்கும்போது அதிலிருந்து கொடுங்கள். தீர்ந்துபோனால் தீர்ந்துபோயிற்று.

வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. புதன், சனி சாயங்காலம் பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், ரசீதை நோட்டில் ஒட்டுவதும் அவர் பொறுப்பு என்று தேதியோடு சொல்லுங்கள். "வேண்டாம்" என்று அவர் சொல்வது தொழிலைப் பார்த்து இல்லை என்றே தோன்றுகிறது. போன வருஷ 24-ஆம் தேதி ராத்திரியைப் பார்த்துச் சொல்கிறார். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி செப்டம்பரிலேயே காட்டுங்கள். அத்தைக்கும் ஒரு தேதி கொடுங்கள். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரிப்பதும் அச்சுமுறுக்கும் டிசம்பர் 19, 20 என்று இப்போதே சொல்லி, அந்த இரண்டு நாளும் அடுப்படியில் அவர்களோடு நில்லுங்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் தனியாக நிற்பதுதான் அவர்கள் வருத்தம், பலகாரம் சுடுவது இல்லை.

மூத்தவள் நட்சத்திரம் மடிக்கக் கேட்பாள். மடிக்கட்டும், சனிக்கிழமை ஒரு கால் மணி நேரம். ஆனால் அவள் மடித்ததை ஆர்டரில் சேர்க்காதீர்கள். நோட்டைத் திறந்ததும் முதல் வரியில், ஆர்டர் எண் 1 என்று போட்டு உங்கள் வீட்டுப் பெயரை எழுதுங்கள்: நட்சத்திரம் 12, கொடுக்க வேண்டிய நாள் நவம்பர் 29. அவள் மடித்தவை இதில் சேரும். மற்றவர்கள் ஆர்டரைப் போல இதற்கும் தேதி தவறக் கூடாது. மாலை 6 முதல் 8 வரை போன் அலமாரியில் இருக்கட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் ஆர்டரை ரத்து செய்துவிட மாட்டார்கள்.

திரும்பி வந்த 30 பெட்டி என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. பரணில்தான் இருக்கும். கேக் வைக்க யாருக்கும் கொடுக்காதீர்கள். துடைத்தாலும் ஓலைக்குள் இறங்கிய கறுப்புப் புள்ளி போகாது. முற்றத்தில் வைத்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். விளிம்பை வெட்டிப் பிரித்தால் பக்கங்கள் தட்டையாக வரும். குடிலுக்குக் கூரை வேய 30 பெட்டி தாராளம். பழைய ஓலையாகத் தெரிவது அங்கே அழகுதான்.