ஜிரோகாஸ்தருக்கு ஒரு பகல் போதுமா?

வணக்கம் ஐயா,

வரும் செப்டம்பரில் அல்பேனியாவின் சராண்டா கடற்கரையில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கப்போகிறோம். அங்கிருந்து ஒரு நாள் ஜிரோகாஸ்தர் என்ற பழைய மலையூருக்குப் போய்வர ஆசை. ஏற்கெனவே போய்வந்த நண்பரோ, "கல்வீடு, கம்பளக்கடை, ஒரு கோட்டை. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்கிறார். காலையில் நீலக்கண் ஊற்று, மதியம் ஜிரோகாஸ்தர் என்று சேர்த்துக் கூட்டிப்போகும் வண்டிகள் இருக்கின்றன. அதில் போகலாமா? உடன் வரும் என் மாமியாருக்கு முழங்கால் வலி. இன்னொரு கேள்வியும் உண்டு. துருக்கிய சுல்தான்களான ஒட்டோமான்கள் ஐந்நூறு வருஷம் இந்த நாட்டை ஆண்டார்கள். அவர்கள் காலத்து ஊரை 'அமைதியான ஒட்டோமான் நகரம்' என்று ரசிப்பது சரிதானா?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

அந்த வண்டி வேண்டாம். நீலக்கண் ஊற்று சராண்டாவிலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது, அதற்கு வேறொரு அரைநாள் ஒதுக்கிக்கொள்ளலாம். ஜிரோகாஸ்தருக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். மலைக்கணவாயைத் தாண்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பொய்யில்லை. தெருவில் நின்று பார்த்தால் அந்த ஊர் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பலகைக்கல் கூரையும் சாம்பல் நிறச் சுவரும் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசமே தெரியவிடாது. ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் இருந்தாரா என்று அவரிடம் கேளுங்கள்.

நான் சொல்வது ஜெகாத்தே மாளிகையை. 1811-12இல் கட்டியது, இரட்டைக் கோபுரம்போல நிற்கும். கட்டிக்கொண்டவர், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட அலி பாஷாவிடம் அதிகாரியாக இருந்தவர். கீழ்த்தளம் கிட்டத்தட்ட ஒரு கோட்டைதான். தடித்த கற்சுவர், பெயருக்குச் சில துவாரங்கள், உள்ளே தானியக் கிடங்கும் தண்ணீர்த் தொட்டியும். அந்த மலையில் தண்ணீர் அரிது என்பதால் கூரையில் விழும் மழையை அப்படியே தொட்டிக்கு இறக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே குளிர்காலத்துக்கான தாழ்ந்த அறைகள். மேலே ஏற ஏறச் சுவர் மெலிந்துகொண்டே போகும், ஜன்னல்கள் பெருகும். உச்சியில் இருக்கிறது விருந்தினர் கூடம். செதுக்கிய மரக்கூரை, பூவும் கனியும் தீட்டிய கணப்பு, சுவரோரம் நீள இருக்கை. இந்த ஊர் வீடுகளில் கூடத்துக்கு மேலே மரத்தட்டி மறைத்த சிறு மாடம் ஒன்று இருக்கும். பெண்கள் அங்கே மறைந்திருந்து விருந்தாளிகளைப் பார்ப்பார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கீழே பகையாளிக்குப் பயந்து அடைத்த சுவர், மேலே வந்தவர் வாய்பிளக்க வேண்டும் என்று திறந்த ஜன்னல். அரசாங்கத்தின் கை முழுதாக எட்டாத ஊரில் பணக்காரராக இருப்பது எப்படி என்பதை அந்த ஒரே வீட்டில் பார்த்துவிடலாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் அந்தக் கூடத்திலிருந்தே பதில் சொல்லலாம். ஜன்னல் வழியே பார்த்தால் கீழே திரினோ ஆற்றுச் சமவெளி விரிந்து கிடக்கும். ஊர்ப் பிரபுக்களின் பண்ணைகள் அங்கேதான் இருந்தன. அவற்றில் உழைத்தவர்களில் பலர் கிரேக்கம் பேசும் கிறித்தவக் குடியானவர்கள். மேலே மாளிகைகளில் வாழ்ந்தவர்களோ இஸ்தான்புல்லிலிருந்து வந்து இறங்கியவர்கள் அல்லர். சுல்தானின் ஆட்சியில் பதவியும் நிலமும் பெற்ற அல்பேனியக் குடும்பங்கள். அலி பாஷாவே பக்கத்து தெபெலேனா ஊர்க்காரர்தான். சுல்தான் பெயரில் ஆண்டுகொண்டே அவரை மதிக்காமல் தனி ராஜ்யம் நடத்தினார். 1822இல் சுல்தானின் ஆட்களே அவரைக் கொன்றார்கள். ஆண்டவர் யார், ஆளப்பட்டவர் யார் என்று அங்கே ஒரே கோடு போட முடியாது. ரசியுங்கள், தப்பில்லை. அந்த வீட்டுக்குத் தானியம் எங்கிருந்து ஏறி வந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

'அமைதி' என்கிற வார்த்தையைத்தான் நான் கொஞ்சம் சந்தேகிப்பேன். ஜிரோகாஸ்தர் சந்தையும் அரசாங்கக் கச்சேரியுமாக இரைச்சலாக இருந்த ஊர். 1991இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு ஏராளமானோர் கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் வேலை தேடிப் போனார்கள். வீட்டுக்குப் பங்காளிகள் பெருகிவிட்டார்கள், அந்தக் கல்கூரையைப் பழுதுபார்க்கும் செலவோ கொஞ்சநஞ்சமல்ல. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊரில் இன்றும் கூரை விழுந்த வீடுகளைப் பார்ப்பீர்கள்.

சந்தை மசூதியைத் தவறவிடாதீர்கள். 1757இல் கட்டியது. அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்தது இந்த ஊரில்தான். அவருடைய அரசு 1961இல் இதை அருங்காட்சியக நகரம் என்று அறிவித்துப் பாதுகாத்தது. அதே அரசு 1967இல் மதத்தையே தடைசெய்தது. இந்த மசூதி இடிபடாமல் தப்பியது, உயரமான கூரை இருக்கிறதே என்று சர்க்கஸ்காரர்கள் பயிற்சி எடுக்கும் கூடமாக! ஒட்டோமான் வீடுகளை இவ்வளவு முழுதாக நமக்கு விட்டுவைத்ததில் அந்தக் கொடுங்கோலருக்கும் பங்கு உண்டு என்பதை ஜீரணிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஹோஜா பிறந்த வீடு 1966இல் புதிதாக எழுப்பியது, இப்போது மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகம். நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

கோட்டையில் 1957இல் அல்பேனியாவில் இறங்க நேர்ந்த அமெரிக்க விமானம் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. உளவு விமானம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மாமியாரை நினைத்துத் திட்டத்தைக் கைவிட வேண்டாம். பஸ் நிற்பது கீழே புதிய ஊரில். அங்கிருந்து டாக்ஸி பிடித்து நேரே மேலே போய்விடுங்கள், பிறகு இறக்கமாகவே வரலாம். ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பாடுபடுத்தும். கடைத்தெருவின் உருளைக்கல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, மழை பெய்தால் வழுக்கும். மாளிகையின் உள்படிகளும் செங்குத்து. அவருக்கு முடியவில்லையென்றால் கடைத்தெரு உணவகத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய்வாருங்கள்.

அங்கே சிஃப்சி கேளுங்கள். சோற்றில் முட்டையும் புதினாவும் சேர்த்து, குழி குழியாக இருக்கும் சட்டியில் சுட்டெடுப்பது. நம் பணியாரச் சட்டியேதான்! முட்டை சாப்பிடுபவர் என்றால் மாமியாருக்கும் ஒத்துக்கொள்ளும்.

காலையில் இறங்கும்போதே திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகலில் பஸ் குறைந்துவிடும், டாக்ஸிக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.