படத்தோடு முகவரியும் போகிறதா?

வீட்டில் எடுத்த படத்தைப் பகிர்ந்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியலாம், எந்த வழியில் அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், கைபேசியின் மாடல் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது, 2012 டிசம்பரில் அகப்பட்டது இப்படித்தான். வைஸ் இதழ் வெளியிட்ட அவரது படத்தில் ஒட்டியிருந்த இடக்குறிப்பு, அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. கணினிப் பாதுகாப்பில் பணம் சம்பாதித்தவருக்கே இந்தக் கதி!

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இக்குறிப்புகள் நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாதென்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புகிறோமே, அப்போது அப்படியே போகும். மின்னஞ்சலிலும் அப்படித்தான்.

ஆகவே கேமரா செயலிக்கான இருப்பிட அனுமதியை அணைத்துவிடுங்கள். பழைய படங்களில் பதிந்தது தானாக அழியாது. அவற்றைத் தனியே நீக்க வேண்டும்.

கைபேசியின் எந்த செட்டிங்கும் மறைக்காதவையும் உண்டு: பிள்ளையின் சீருடையில் பள்ளிச் சின்னம், பின்னணியில் கதவு எண், வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட். எனக்கு அதிகம் பயம் தருபவை இவைதான். பகிரும் முன் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.