தொட்டுப் பாருங்கள், பாதம் பேசும்
வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவரின் பதில்கள்

ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் நிற்க வேண்டும். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலி. சிறிது நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் முள் வளர்ந்திருக்கிறதாம். அறுவை சிகிச்சை வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. வலியே இல்லாத எத்தனையோ பேருடைய எக்ஸ்ரேயிலும் அதே முள் இருக்கிறது. புண்பட்டிருப்பது, குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி ஓடும் பிளான்டார் ஃபேசியா என்ற தடித்த சவ்வு. இரவெல்லாம் சுருங்கிக் கிடப்பது, காலையில் முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. இதைக் கண்டுபிடிக்க என் கட்டைவிரல் போதும். குதிகாலின் அடியில் உட்புறமாக அழுத்தினால், அந்த ஓரிடத்தில் காலை உதறிவிடுவீர்கள்.

படுக்கையை விட்டு இறங்கும் முன் வலிக்கும் காலை மறு தொடையின் மேல் வைத்து, கால்விரல்களைக் கையால் பின்னுக்கு வளையுங்கள். 10 எண்ணும்வரை பிடித்து, 10 முறை. ஒரு நாளில் மூன்று வேளை. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளாதீர்கள். சவ்வு அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் கரையலாம்.

இன்னொன்று. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அந்த நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு நான் எழுதும் மருந்துச் சீட்டில் அதுவும் ஒரு மருந்து.

கபடி ஆடியபோது கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?
- கல்லூரி மாணவர், ஒட்டன்சத்திரம்

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதியைத்தான் நானும் பின்பற்றுகிறேன். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே தேவை. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையோ பின் விளிம்பையோ அழுத்தும்போது வலித்தாலும் தேவை. சுண்டுவிரலுக்கு நேராக, பாதத்தின் வெளி ஓரத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும் அழுத்திப் பாருங்கள். எங்கும் எலும்பில் வலி இல்லை என்றால் அநேகமாகத் தசைநார்ச் சுளுக்குதான். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். வீக்கம் வடிந்ததும் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். இதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடியும் பிசகுகிறது.

அப்பாவுக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று வாரமாக வலது பாதம் சிவந்து வீங்கியிருக்கிறது. புண் இல்லை, வலியும் இல்லை. வயலுக்கு நடந்தே போய் வருகிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை.
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

உங்கள் புறங்கையை முதலில் இடது பாதத்திலும் பிறகு வலது பாதத்திலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "வலது கால் கொதிக்கிறது" என்றீர்கள். நரம்பு மரத்த பாதத்தில், புண் இல்லாமல் இப்படிச் சூடும் வீக்கமும் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சார்க்கோ பாதம். உள்ளே எலும்புகள் மென்மையாகி நொறுங்கத் தொடங்குகின்றன. வலி தடுக்காததால் மனிதர் அதன்மேலேயே நடக்கிறார். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். என் தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரேயை நம்பி இப்படி ஒருவரை நடக்கவிட்டேன். நான்கு மாதத்தில் அவருடைய பாத வளைவு சரிந்து, உள்ளங்கால் தொட்டிலடிபோல் வெளியே வளைந்துவிட்டது. அந்தக் கால் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சிகிச்சை, பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், மரத்த பாதங்கள் அழுகுவது நோயால் அல்ல, உணராமல் படும் காயங்களால்தான் என்று தொழுநோயாளிகளிடம் கண்டார். மாவுக்கட்டில் வைத்து அவர்களின் புண்களை ஆற்றினார். 1966இல் அமெரிக்கா சென்றபோது அந்த அனுபவத்தையும் கொண்டுபோனார். இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை உலகெங்கும் காப்பது அந்த வழிதான்.

வீக்கம் வடிய வடியக் கட்டு தளரும். அதனால் முதலில் வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். இரண்டு பாதங்களின் சூடும் ஒன்றாகும்வரை, அதாவது சில மாதங்கள், கட்டு இருக்கும். அதன் பிறகு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு. விதைப்புக்கு அப்பா போயே ஆக வேண்டும் என்கிறார் என்றீர்கள். இந்தப் பருவத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.